பாசிசத்தின் இரு கைகள்

(சித்தேரி மலையில் நடைபெற்ற கருத்துரைக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



'பாசிசம்' என்னும் சொல்லைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். இத்தாலியில் பிறந்து, செருமனியில் வளர்ந்து, உலகையே குருதியில் தோய்த்த ஒரு கொடுமையைப் பற்றித் தருமபுரி மாவட்டத்து மலையொன்றின்மேல் அமர்ந்து பேச வேண்டிய தேவை என்ன என்று சிலர் கேட்கக்கூடும். தேவை இருக்கிறது. இம்மலையின் அடிவாரத்தில்தான் வாச்சாத்தி இருக்கிறது. இம்மாவட்டத்தில்தான் நத்தம் இருக்கிறது. அவ்விரண்டு ஊர்களுக்கும் பின்னர் வருகிறேன்.

இன்னொரு தேவையும் உண்டு. தமிழ் வாழ வேண்டும், தமிழன் தன் மண்ணில் தானே ஆள வேண்டும் என்று நாம் சொன்னவுடன், "இது பாசிசம்" என்கின்றனர் சிலர். நம்மவரோ, தமக்குப் பிடிக்காதவன் எவனாயினும் அவனைப் "பாசிசன்" என்று அழைத்துவிட்டு அமைதியடைகின்றனர். ஓங்கி அடிக்கும் காவலனும் பாசிசன். ஊதியம் தராத முதலாளியும் பாசிசன். வீட்டில் அதட்டிப் பேசும் தந்தையும் பாசிசன்! அளவில்லாமல் வழங்கப்பெறும் நாணயம் மதிப்பிழப்பது போல, அளவில்லாமல் வழங்கப்பெறும் சொல்லும் பொருளிழக்கிறது. பொருளிழந்த சொல்லை வைத்துக்கொண்டு, உண்மையான பகை வாயிலில் வந்து நிற்கும்போது அதனை அடையாளம் காண இயலாது. எனவே, இச்சொல்லுக்கு ஓர் அளவுகோல் வேண்டும். அதனைச் செய்ய முயன்றவர்களுள் முதன்மையானவர்கள் மார்க்சியர்கள். அவர்கள் கண்டது என்ன, காணத் தவறியது என்ன என்று பார்ப்போம்.

திருடப்பட்ட ஒரு சொல்

சொல்லின் வேரிலிருந்து தொடங்குவது நம் வழக்கம். 'பாசியோ' என்னும் இத்தாலியச் சொல்லுக்குக் கற்றை அல்லது கட்டு என்பது பொருள். பழைய உரோமில் ஆட்சித் தலைவர்களின் முன்னால், கோடரியொன்றைச் சுற்றிப் பிரம்புகளைக் கட்டிய கட்டொன்றை ஏந்திச் செல்வர். அடிக்கவும் வெட்டவும் தமக்குள்ள ஆட்சியுரிமையின் அடையாளம் அது.

ஆனால், முசோலினி அச்சொல்லை எடுத்தாளுமுன்னரே அதனை வேறு சிலர் வைத்திருந்தனர். 1890-களில் சிசிலித் தீவின் உழவரும் கூலிகளும் தங்கள் கூட்டமைப்புகளுக்குப் 'பாசி' என்றுதான் பெயரிட்டிருந்தனர். தனிச்சுள்ளி ஒடியும், கட்டு ஒடியாது என்பது அவர்கள் கருத்து. 1894-இல் படையை ஏவி அவ்வமைப்புகளை அரசு நசுக்கியது. உழைப்பவன் ஒற்றுமைக்கு வைத்த பெயரை, உழைப்பவனை ஒடுக்கப் பிறந்தவன் பின்னர் எடுத்துச் சூட்டிக் கொண்டான். பாசிசத்தின் முதற்பண்பு இதிலேயே அடங்கியுள்ளது. அது மக்களின் சொல்லைத் திருடும். மக்களின் சினத்தைத் திருடும். மக்களின் கொடியைத் திருடும். திருடியவற்றைக் கொண்டே மக்களை அடிக்கும்.

பிறந்த கதை

முசோலினி தொடக்கத்தில் நிகரமைக் கட்சிக்காரன். அக்கட்சியின் 'அவந்தி' நாளிதழுக்கு ஆசிரியனாக இருந்தவன். முதல் உலகப் போரில் இத்தாலி இறங்க வேண்டும் என்று எழுதியமையால் 1914-இல் கட்சியினின்று நீக்கப்பட்டான். 1919 மார்ச்சு 23-ஆம் நாள் மிலான் நகரில் தன் இயக்கத்தைத் தொடங்கினான். அவ்வாண்டு நவம்பரில் நடந்த தேர்தலில் அவ்வியக்கம் ஓர் இடத்தைக்கூடப் பெறவில்லை. அப்படியானால் மூன்றே ஆண்டுகளில் அவன் தலைமையமைச்சன் ஆனது எப்படி?

1919, 1920 ஆகிய ஈராண்டுகளும் இத்தாலியில் உழைப்பாளர் எழுச்சியின் ஆண்டுகள். 1920 செப்தம்பரில் வடஇத்தாலியத் தொழிலாளர்கள் ஆலைகளைத் தாங்களே கைப்பற்றி நடத்தினர். போ ஆற்றுச் சமவெளியில் பண்ணைக் கூலிகளின் சங்கங்கள், யாரை வேலைக்கு வைப்பது, என்ன கூலி கொடுப்பது என்பவற்றை நிலவுடையோரிடம் வலியுறுத்திப் பெற்றன. முதலாளியும் நிலக்கிழாரும் அஞ்சினர். ஆனால் அவ்வெழுச்சி ஆட்சியைக் கைப்பற்றும் அளவுக்குச் செல்லாமல் இடைவழியிலேயே நின்றுவிட்டது. அப்போதுதான் நிலக்கிழார்களின் பணம் கறுப்புச் சட்டையர் பக்கம் பாய்ந்தது. சரக்குந்துகளில் ஏறி வந்த அக்கும்பல்கள் தொழிற்சங்க மன்றங்களையும் கூட்டுறவுக் கடைகளையும் தீயிட்டன, சங்கத் தலைவர்களை வீடு புகுந்து அடித்தன, கொன்றன. காவல்துறையும் படைத்துறையும் கண்டும் காணாதிருந்தன. பலவிடங்களில் உதவியும் செய்தன.

1922 அக்தோபர் 28-இல் உரோமை நோக்கி அணிவகுப்பு நடந்தது. நாட்டின் படை அதனை எதிர்த்திருந்தால் அது சிதறியிருக்கும். மன்னன் படையை ஏவவில்லை. முசோலினியை அழைத்து ஆட்சியை அவன் கையில் ஒப்படைத்தான். கோட்டை இடிக்கப்படவில்லை, தோழர்களே, திறந்துவிடப்பட்டது. 1924 சூனில், நாடாளுமன்றத்தில் அவனை எதிர்த்துப் பேசிய மத்தியோத்தி கடத்திக் கொல்லப்பட்டார். 1926-இல் எதிர்க்கட்சிகள் அனைத்தும் ஒழிக்கப்பட்டன. பொதுவுடைமையறிஞர் கிராம்சி அவ்வாண்டு நவம்பரில் சிறைப்பட்டார். உடல் முற்றும் நைந்து 1937 ஏப்பிரலில் உயிர் நீத்தார்.

மார்க்சியர் வகுத்த அளவுகோல்கள்

இக்கொடுமையை முதலில் கூர்ந்து நோக்கியவர் செருமானியப் பொதுவுடைமைப் பெண் தலைவர் கிளாரா செத்கின். 1923-இல் பொதுவுடைமை அனைத்துலகத்தின் கூட்டத்தில் அவர் உரைத்ததன் சாரம் இது: பாசிசம் வெறும் அடியாள் கூட்டம் அன்று. போரால் நொடித்த சிறுகடைக்காரன், வேலையிழந்த படைவீரன், எதிர்காலம் இருண்ட படித்த இளைஞன் ஆகிய ஏமாற்றமுற்ற பெருங்கூட்டமே அதன் உடல். உழைப்பாளர் இயக்கம் அவர்களுக்கு வழிகாட்டத் தவறிய இடத்தில்தான் அஃது அவர்களைப் பிடித்துக்கொள்கிறது. எனவே அதனைத் தடியால் மட்டும் வெல்ல முடியாது. அம்மக்களின் உள்ளத்தையும் வெல்ல வேண்டும்.

தால்கைமர் என்னும் இன்னொரு செருமானியர், லூயி போனபார்த்து பிரான்சின் ஆட்சியைப் பிடித்ததைப் பற்றி மார்க்சு 1852-இல் எழுதிய நூலை வழிகாட்டியாகக் கொண்டார். முதலாளி வகுப்பு தன் பணப்பையைக் காத்துக்கொள்ள முடியாத நெருக்கடியில், தன் ஆட்சிக்கோலை முரடன் ஒருவனிடம் கொடுத்துவிட்டுப் பணப்பையை மட்டும் இறுகப் பற்றிக்கொள்கிறது என்று அவர் விளக்கினார்.

ஆனால் 1928-க்குப் பின் பொதுவுடைமை அனைத்துலகம் பெரும்பிழை ஒன்றைச் செய்தது. சீர்திருத்தம் பேசிய குமுகாய மக்களாட்சிக் கட்சியினரையே 'குமுகாயப் பாசிசர்' என்று அழைத்து, அவர்களே முதற்பகை என்றது. எல்லாரையும் பாசிசர் என்றழைத்ததன் விளைவு என்ன? 1932 நவம்பர்த் தேர்தலில் இட்லரின் கட்சி நூற்றுக்கு 33 பங்கு வாக்குகளைப் பெற்றது. குமுகாய மக்களாட்சிக் கட்சியும் பொதுவுடைமைக் கட்சியும் சேர்ந்து நூற்றுக்கு 37 பங்குக்கு மேல் பெற்றிருந்தன. ஆனால் அவை சேரவில்லை. நாடு கடத்தப்பட்டுத் துருக்கித் தீவொன்றில் இருந்த திரோத்சுகி, இருவரும் சேருங்கள் என்று எழுதி எழுதி எச்சரித்தார்; கேட்பாரில்லை. 1933 சனவரி 30-இல் இட்லர் ஆட்சிக்கு வந்தான். அதன்பின் இரு கட்சியாரும் சேர்ந்தேயிருந்தனர்; வதைமுகாம்களில்!

அந்தப் படிப்பினைக்குப் பின்னர்தான், 1935-இல் மாசுகோவில் கூடிய ஏழாம் மாநாட்டில் திமித்ரோவ் இன்றுவரை பெரிதும் எடுத்தாளப்பெறும் வரையறையைத் தந்தார். ஆட்சியைப் பிடித்த பாசிசம் என்பது, பண முதலாளியத்தின் மிகப் பிற்போக்கான, மிக இனவெறி கொண்ட, மிக வல்லாதிக்க வேட்கை கொண்ட பிரிவினர் ஒளிவுமறைவின்றி நடத்தும் கொடிய வல்லாட்சி என்பது அவ்வரையறையின் கருத்து. ஓர் அரசாங்கம் போய் இன்னோர் அரசாங்கம் வருவதன்று அது. ஆட்சியின் வடிவமே மாறிவிடுவது என்றும், அதனை எதிர்க்க எல்லா மக்கள் ஆற்றல்களும் ஒன்று சேர வேண்டும் என்றும் அவர் கூறினார்.

இவற்றையெல்லாம் தொகுத்துப் பார்ப்பின் அளவுகோல் தெளிவாகிறது. பாசிசத்துக்குக் கைகள் இரண்டு. ஒரு கை மேலிருந்து வருவது: சட்டமும் சிறையும் துமுக்கியும் ஏந்திய அரசின் கை. மற்றொரு கை கீழிருந்து வருவது: நொடித்துப்போன சிற்றுடைமையாளரின் சினத்தை ஏந்திய கும்பலின் கை. இவ்விரு கைகளும் பெருமுதலின் பணத்தால் ஒன்றாகக் கோக்கப்பட்டு, உழைப்பாளரின் அமைப்புகளையும் எளிய இனங்களின் வாழ்வையும் நெரிக்கும்போதுதான் அதற்குப் பாசிசம் என்று பெயர். ஒரு கை மட்டும் இருந்தால் அது கொடுமைதான்; ஆயினும் பாசிசம் அன்று. ஆனால் ஒரு கை பழகிவிட்ட நாட்டில் மறுகை வந்து சேர நெடுநாள் ஆகாது.

அவர்கள் அளக்காமல் விட்டது

பண முதலைப் பற்றியும் வகுப்புகளைப் பற்றியும் இவ்வளவு நுட்பமாக எழுதிய அவ்வரையறைகளில், மொழியும் இனமும் ஓரத்தில் ஒதுக்கப்பட்டுவிட்டன. ஆனால் வரலாறு வேறு வகையாகப் பேசுகிறது.

முசோலினி ஆட்சிக்கு வருமுன்னரே, 1920 சூலை 13-இல், திரியெத்து நகரிலிருந்த சுலோவேனிய மக்களின் பண்பாட்டு மன்றத்தைப் பாசிசர் எரித்தனர். ஆட்சிக்கு வந்தபின், செருமானிய மொழி பேசுவோர் வாழ்ந்த தென்தைரோல் மலைநாட்டில் 1923 முதல் பள்ளிகளில் அவர்கள் மொழி ஒழிக்கப்பட்டது. ஊர்ப் பெயர்கள் இத்தாலியப் பெயர்களாக மாற்றப்பட்டன. குடிப்பெயர்களை மாற்றினர். இறந்தவனின் கல்லறையிற்கூடத் தாய்மொழியில் எழுதக்கூடாது என்றனர். அம்மலைமக்கள் என்ன செய்தனர் தெரியுமா? நிலவறைகளிலும் பரண்களிலும் களஞ்சியங்களிலும் பிள்ளைகளைக் கூட்டி மறைவாகத் தாய்மொழியைக் கற்பித்தனர். அக்கமுக்கப் பள்ளிகளில் கற்பித்த ஏஞ்சலா நிக்கொலெத்தி என்னும் இளம் ஆசிரியை, தளைப்படுத்தப்பட்டும் ஊர்விட்டு விலக்கப்பட்டும் நோயுற்று, 1930-இல் தம் இருபத்தைந்தாம் அகவையில் மறைந்தார். இசுபானியாவில் 1939-இல் வென்ற பிராங்கோ, காத்தலான் மொழியைப் பள்ளியினின்றும் அலுவலகத்தினின்றும் துரத்தினான்.

மொழியைக் கொல்வது பாசிசத்தின் பொழுதுபோக்கு அன்று, அதன் இயல்பு. ஏனெனில், கற்றையாகக் கட்டப்பட்ட பிரம்புகளுள் எதற்கும் தனிப்பெயர் இருத்தல் கூடாது.

இன்னோர் உண்மையையும் மேலைநாட்டு மார்க்சியர் பலர் காணவில்லை. அதனைச் சொன்னவர் பிரான்சுக்கு அடிமைப்பட்டிருந்த மார்த்தினீக்குத் தீவின் கறுப்பினப் பாவலர் எமே செசேர். 1950-இல் அவர் எழுதியதன் கருத்து இது: ஐரோப்பியன் ஆப்பிரிக்கனுக்கும் ஆசியனுக்கும் நூற்றாண்டுக்கணக்கில் செய்துவந்த கொடுமைகளை இட்லர் ஐரோப்பியனுக்கே செய்தான், அதனால்தான் ஐரோப்பியன் அதிர்ந்தான். தொலைவிலுள்ள எளியவன்மேல் பழகிய கை, ஒருநாள் வீட்டுக்குள்ளேயே நீளும். மலையில் அமர்ந்திருக்கும் நாம் இதனை மறத்தல் கூடாது.

இந்தியாவில்

இந்தியாவுக்கும் பாசிசத்துக்கும் உள்ள உறவு இன்று நேற்று முளைத்ததன்று. இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சே 1931 மார்ச்சில் உரோமுக்குச் சென்று முசோலினியை நேரிற் கண்டார். இளைஞர்க்குப் படைப்பயிற்சி தரும் பாசிச அமைப்புகளைச் சுற்றிப் பார்த்து வியந்தார். திரும்பி வந்து 1937-இல் நாசிக்கில் படைப்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இது மறைபொருள் அன்று. அவருடைய நாட்குறிப்பிலேயே உள்ளது.

1975 சூன் 25 இரவில் இந்திரா அம்மையார் நெருக்கடிநிலையை அறிவித்தார். 1976 சனவரி 31-இல் தமிழ்நாட்டின் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது, 'மிசா'ச் சட்டத்தின்கீழ்ப் பலர் சிறைப்பட்டனர். சென்னைச் சிறையில் அடிபட்ட முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 சனவரியில் உயிர் துறந்தார். அக்காலத்தில் இந்தியப் பொதுவுடைமைக் கட்சி என்ன செய்தது? செயப்பிரகாசர் தலைமையிலான எதிர்ப்பியக்கமே பாசிசம் என்று கூறி, நெருக்கடிநிலையை ஆதரித்தது. நாடே வாய் கட்டப்பட்டுக் கிடந்த 1975 திசம்பரில், பாட்னாவில் பாசிச எதிர்ப்பு மாநாடு நடந்தது! 1978-இல் பத்திண்டா மாநாட்டில் அக்கட்சி அந்நிலைப்பாடு தவறென ஒப்புக்கொண்டது. மார்க்சியப் பொதுவுடைமைக் கட்சியோ, 1970-களில் மேற்கு வங்கத்தில் தன் தொண்டர்கள்மேல் நடந்த கொலைகளை 'அரைப் பாசிச அடக்குமுறை' என்றது. ஒரே காலம், ஒரே நாடு, ஒரே மார்க்சு. ஆனால் பாசிசன் யார் என்பதற்கு விடை மட்டும் வேறு வேறு!

இன்றும் அப்பூசல் ஓயவில்லை. 2025 ஏப்பிரலில் மார்க்சியப் பொதுவுடைமைக் கட்சியின் 24-ஆம் மாநாடு நம் மதுரையிலேயே கூடியது. அதற்கான வரைவு, இன்றைய நடுவணாட்சி 'புதுப்பாசிசக் கூறுகளை' வெளிப்படுத்துவதாகக் கூறியது. ஆயினும் அவ்வாட்சியைப் பாசிச அரசென்றோ புதுப்பாசிச அரசென்றோ தாங்கள் சொல்லவில்லை என்று விளக்கக் குறிப்பும் தரப்பட்டது. மற்ற பொதுவுடைமைக் கட்சியினர் அதனை மறுத்தனர்.

இந்தப் பூசலைக் கண்டு நகைப்பது எளிது. நான் நகைக்கவில்லை. அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு அளக்க முயல்கின்றவனே பூசலிடுவான். அளவுகோல் இல்லாதவன் கூச்சலிடுவான். என் கருத்தைக் கேட்டால், நெருக்கடிநிலை மேற்கை மட்டும் ஓங்கிய காலம். கீழ்க்கை, அதாவது தெருவில் திரண்ட கும்பல், அன்று அவ்வரசிடம் இல்லை. அதனால்தான் 1977 தேர்தலில் அது வீழ்ந்தது. இன்று மதத்தின் பெயரால் அக்கீழ்க்கை பல ஆண்டுகளாகப் பழக்கப்பட்டு வருகிறது. பெருமுதலின் பணம் ஒரு பக்கமே குவிகிறது. புதிய கல்விக் கொள்கையை ஏற்கும் ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையொப்பமிட மறுத்தமைக்காக, நம் பள்ளிப் பிள்ளைகளுக்குரிய நடுவணரசின் பணம் நிறுத்தி வைக்கப்பட்டதைக் கண்டோம். இரு கைகளும் ஒன்றையொன்று தேடுகின்றன. முழுதும் கோத்துக்கொண்ட பின்னர்தான் பெயரிடுவோம் என்று காத்திருப்பவன், பெயரிடும் உரிமையையும் அன்றே இழப்பான்.

வாச்சாத்தியும் நத்தமும்

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம்.

தருமபுரிக்கு மேற்கையின் அடி புதிதன்று. 1980-இல் தொடங்கி இங்கும் வடஆர்க்காட்டிலும் நக்சல்பாரி இளைஞர் பலர் 'மோதல்' என்னும் பெயரால் கொல்லப்பட்டனர். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அக்கை இம்மலையடிவாரத்துக்கு வந்தது. 1992 சூன் 20. சந்தனமரக் கடத்தலைத் தேடுவதாகக் கூறிக் காட்டுத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகிய மூன்று துறையினரும் வாச்சாத்திக்குள் புகுந்தனர். ஆலமரத்தடியில் மக்களைக் கூட்டி அடித்தனர். பதினெட்டுப் பெண்களைப் பாலியல் வன்கொடுமைக்கு உட்படுத்தினர். வீடுகளைச் சூறையாடினர், தவசங்களைப் பாழாக்கினர், ஆடு கோழிகளை அடித்துத் தின்றனர், கிணற்றையும் கெடுத்தனர். பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கு மேற்பட்டோரைச் சிறைக்கு அனுப்பினர்.

அரசு முதலில் அப்படி எதுவும் நடக்கவில்லை என்றது. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சியப் பொதுவுடைமைக் கட்சியும் அவ்வழக்கைத் தோளில் சுமந்தன. அக்கட்சியின் தலைவர் நல்லசிவன் உச்ச முறைமன்றம் வரை சென்றார். 1995-இல் வழக்கு நடுவண் புலனாய்வுத் துறையிடம் வந்தது. 2011 செப்தம்பர் 29-இல் தருமபுரி முறைமன்றம், குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அவர்களுள் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டிருந்தனர்; எஞ்சிய 215 பேர் தண்டிக்கப்பட்டனர்; பதினெழுவர் மீது வன்புணர்வுக் குற்றம் உறுதியாயிற்று. 2023 செப்தம்பர் 29-இல் சென்னை உயர் முறைமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. வன்புணர்வுக்கு ஆளான பெண்களுக்குத் தலைக்குப் பத்து இலக்கம் உருபா வழங்கவும், அற்றை மாவட்ட ஆட்சியர் உள்ளிட்ட உயரலுவலர் மீது நடவடிக்கை எடுக்கவும் ஆணையிட்டது. நடந்தது 1992-இல், உயர் முறைமன்றத் தீர்ப்பு 31 ஆண்டுகளுக்குப் பின்! அவ்வளவு காலமும் கூண்டேறி, கேட்ட கேள்விக்கெல்லாம் தளராமல் விடை சொன்ன அப்பெண்களை நான் இம்மேடையிலிருந்து வணங்குகிறேன்.

இது பாசிசமா? நம் அளவுகோலின்படி, இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் காலத்தில், நெருக்கடிநிலை எதுவும் இல்லாத ஒரு நாளில், மேற்கை மட்டும் செய்த கொடுமை இது. வழக்குத் தொடுக்கச் சங்கமும் கட்சியும் இருந்தன. எழுத இதழ்கள் இருந்தன. தீர்ப்புச் சொல்ல மன்றம் இருந்தது. பாசிசம் வந்திருந்தால் அச்சங்கமே இருந்திருக்காது. வாச்சாத்தி என்னும் பெயரையே நாம் அறிந்திருக்க மாட்டோம். வேறுபாடு அதுதான். சிறிய வேறுபாடன்று, பதினெட்டுப் பெண்கள் முறைமன்றத்தின் முன் நிற்க முடிந்த அளவுக்குப் பெரிய வேறுபாடு.

அடுத்தது கீழ்க்கை. 2012 நவம்பர் 7. நாயக்கன்கொட்டாயை அடுத்த நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி ஆகிய ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புகளுக்குள் பெருங்கும்பல் புகுந்தது. சாதி கடந்த ஒரு திருமணமும் அதனைத் தொடர்ந்த ஒரு தற்கொலையும் அதற்குச் சாக்கு. இருநூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் கொள்ளையிடப்பட்டன, எரிக்கப்பட்டன. காவல்துறை தடுக்கவில்லை. நக்சல்பாரித் தோழர்கள் அப்பு, பாலன் ஆகியோரின் சிலைகள் நிற்கும் ஊர்ப்பகுதி அது. இரு சாதி ஏழைகளும் ஒரே செங்கொடியின்கீழ் நின்ற காலம் அதற்கு உண்டு. பின்னர் என்ன நேர்ந்தது? வேளாண்மை நொடித்தது. சிறுநிலம் உடையவன் கடனில் மூழ்கினான். அடுத்த குடியிருப்பு இளைஞனோ பெங்களூருக்கும் திருப்பூருக்கும் சென்று உழைத்து, ஓட்டுவீட்டை மாடிவீடாக்கினான். தன்னை நொடியச் செய்த சந்தையைக் காணாதவன், தன்னினும் தாழ்ந்தவனென்று தான் எண்ணியிருந்தவனின் மாடிவீட்டைக் கண்டான். செத்கின் அம்மையார் 1923-இல் இத்தாலியச் சிற்றுடைமையாளனைப் பற்றிச் சொன்னது, 2012-இல் தருமபுரியில் சாதி வடிவில் நடந்தது.

வாச்சாத்தியில் மேற்கை, நத்தத்தில் கீழ்க்கை. இரண்டும் தனித்தனியே நம் மாவட்டத்தில் பழகிவிட்டன. இரண்டும் கோத்துக்கொள்ளும் நாளில் என்னவாகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

தமிழ்த்தேசியம் பாசிசமா?

இப்போது நம்மீது வீசப்படும் கேள்விக்கு விடை சொல்வோம். மொழித்தூய்மை பேசுவது பாசிசமா? முசோலினியும் மொழித்தூய்மை பேசினானே, 1940-இல் கடைப் பலகைகளில் அயற்சொற்களைத் தடைசெய்தானே என்பர். உண்மைதான். ஆனால் அவன் அதனைச் சட்டத்தாலும் காவலராலும் செய்தான். தன் ஆட்சியின்கீழ்ச் சிக்கிய சிறுபான்மையரின் வாயை அடைத்துக்கொண்டே செய்தான். மறைமலையடிகள் 1916-இல் தொடங்கிய தனித்தமிழியக்கமோ எவர் வாயையும் அடைக்கவில்லை. தன் வாயைத்தான் கழுவிக்கொண்டது. ஆட்சியில் இருப்பவனின் மொழிவெறி தடி. ஆட்சியற்றவனின் மொழிக்காப்பு கேடயம். இரண்டையும் ஒன்றென்பவன் ஏஞ்சலா நிக்கொலெத்தியையும் முசோலினியையும் ஒன்றென்பவன்.

ஆனால் தோழர்களே, கேடயத்தையும் தடியாக வீச முடியும். ஆகவே, தமிழின் பெயரால் எவன் எதைச் சொன்னாலும் அவனிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். உன் கை யார்மேல் ஓங்குகிறது, வலியவன் மேலா, எளியவன் மேலா? உன் கைக்குப் பணம் யாரிடமிருந்து வருகிறது? உன் கொடியின்கீழ் உழைப்பவன் சங்கம் வைக்கலாமா, எதிர்த்துப் பேசலாமா?

வடநாட்டுப் பெருமுதலையும் தில்லியின் மொழித்திணிப்பையும் எதிர்ப்பவன் தமிழ்த்தேசியன். அம்முதலால் ஊர்விட்டுத் துரத்தப்பட்டு, இங்கு வந்து கட்டடச் சாரத்தில் ஏறிக் கூலிக்கு உழைக்கும் பீகார் ஏழையை அடிப்பவன் தமிழ்த்தேசியன் அல்லன், அவன் கீழ்க்கை. சாதியை உள்ளே வைத்துக்கொண்டு தமிழினம் என்று முழங்குபவனும் கீழ்க்கையே. நத்தத்தில் எரித்தவனும் தமிழன், எரிந்ததும் தமிழன் வீடு. வாச்சாத்தியில் அடித்தவர் பேசியதும் தமிழ், அடிபட்டவர் அழுததும் தமிழ். மொழி ஒன்றாயிருந்தும் அங்கு மாந்தம் இல்லை. ஏனெனில் ஒருவன் கையில் ஆட்சி இருந்தது, மற்றவனிடம் அமைப்பு இல்லை. உழைப்பவனை மறந்த மொழிப்பற்று, பாசிசத்துக்கு உலர்ந்த விறகு. மொழியையும் இனத்தையும் மறந்த வகுப்புக் கொள்கையோ, அவ்விறகைத் தீயவன் கையில் விட்டுவிட்டு வந்த பிழை.

செய்ய வேண்டுவன

உங்களை 'மலையாளிகள்' என்கின்றனர். மலையை ஆள்பவன் மலையாளி. அப்பெயரின் பொருளை மெய்யாக்குங்கள். 2006-ஆம் ஆண்டின் காட்டுரிமைச் சட்டம் உங்கள் ஊரவைக்குத் தந்துள்ள உரிமைகளைத் தமிழில் எழுதி ஒவ்வோர் ஊரிலும் படித்துக் காட்ட வேண்டும். அப்பணியை நம் இயக்கத் தோழர்கள் மேற்கொள்ள வேண்டும். சட்டம் புரியாத மொழியில் இருக்கும்வரை மேற்கை ஓங்கிக்கொண்டேயிருக்கும். அடிவாரத்து ஊர்களில் சாதி கடந்து மணம் புரிந்தோர்க்கு நம் வீடுகளே புகலிடமாக வேண்டும். அஃது இல்லாதவரை கீழ்க்கை வளர்ந்துகொண்டேயிருக்கும். மார்க்சியரோடு நமக்குத் தேசிய இனச் சிக்கலில் வேறுபாடு உண்டு. அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் வாச்சாத்தியின் வழக்கைச் சுமந்த தோள்களை மறக்கவும் வேண்டா. 1932-இல் செருமனியில் சேராதவர்கள் எங்குச் சேர்ந்தார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

கற்றை என்னும் சொல்லைச் சிசிலி உழவரிடமிருந்து திருடிச் சென்றனர். தமிழ் என்னும் நம் சொல்லை எவனும் அவ்வாறு திருடிச் செல்ல விடாதீர்கள். உழைப்பவன் கட்டும் கட்டு அவனைக் காக்கும். அக்கட்டினுள் கோடரியைச் செருக எவன் வந்தாலும், அவன் நம் மொழியே பேசினாலும், அவன் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

உழைப்பவர் ஒற்றுமை ஓங்குக! தமிழ் வெல்க! தமிழினம் விடுதலை பெறுக!